எந்த இடமுங்க

ஒரு பாட்டை நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. அடுத்த கேள்வி வந்து நிற்கும். "எந்த இடமுங்க?"

முழுப்பாட்டும்தான் என்று சொன்னால் விடமாட்டார். "முழுக்கன்னு சொன்னா அது பதிலில்லீங்க. ஒரே ஒரு இடம் சொல்லுங்க." சொல்லத் தெரியாதவர் முழிப்பார். இவர் கோபப்படவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார். பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து குமாரபாளையத்தில் பாதிப் பேர் அவர் எதிரில் பாட்டுப் பேச்சையே எடுப்பதில்லை.

பாட்டுக்கு மட்டும் என்றில்லை. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க என்றார்கள். எந்தத் தகப்பனும் அதைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவான். இவர், "என்ன பிடிச்சுதுங்க?" என்றார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதவோரம் நின்றிருந்த இவர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். நல்லவேளை, மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி. "டம்ளரை விளிம்புல தொடாம அடியில பிடிச்சு வெச்சாளுங்க. அது பிடிச்சுது" என்றாள். "அப்பச் சரிங்க" என்று இவர் அந்த நிமிசமே ஒத்துக்கொண்டார். ஜாதகம் எல்லாம் அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். பிட்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். விசைத்தறி ரிப்பேர் பார்க்கிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. போன வருசம் அவர் தவறிப்போன அன்று சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்துத்தான் பலபேருக்கு அவருடைய பெயரே தெரிந்தது.

எங்கள் பட்டறையில் எட்டுத் தறி. என் வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் நடத்தினேன். யாரிடமும் யோசனை கேட்டு நடத்தவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் பட்டறையில் எனக்குத் தெரியாத வேலை என்று ஒன்று கிடையாது. இவர் முதல் தடவை வந்தபோது உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தறி உள்ள இருக்குதுங்க" என்றேன்.

"சித்த இருங்க அக்கா." இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "மேக்கால இருந்து மூணாவது தறி. நாடா போயி முட்டற சத்தம் ஒரு பக்கம் தணிஞ்சு வருது" என்றார்.

நான் கூப்பிட்டது ஐந்தாவது தறிக்கு. அதைச் சரிபண்ணிவிட்டு மூன்றாவதைத் திறந்து காட்டினார். குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவை அடிக்கிற பக்கத்துத் தோல் தேய்ந்து, அன்றோ மறுநாளோ அறுந்துவிடும் என்ற நிலையில் இருந்தது. என் தறியை எனக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுக்கிறதாவது.

பட்டறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எட்டுத் தறி ஓடுகிற இடத்தில் வெளியாளுக்கு ரேடியோ இருப்பதே தெரியாது. எங்களுக்குக் கேட்கும். தறிச் சத்தம் ஒரே மாதிரி வருவதால் காது அதை ஒதுக்கி வைத்துவிடும், அடியில் பாட்டு தனியாக ஓடும். அன்றைக்கு ஓடியதை நல்ல பாட்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேட்டார் அந்தக் கேள்வியை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பதில் இருந்தது. "பொம்பளைக் குரல் முடிஞ்ச பொறவு புல்லாங்குழல் வருமில்லீங்க. அதுக்கு முன்னால ஊதறவரு மூச்சை இழுக்கறது கேக்குது. அந்த இடம்."

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். வேலை முடிந்து கிளம்பும்போதுதான், "எனக்கு இத்தனை நாள் அது காதுல விழுகலீங்க அக்கா" என்றார். அதன் பிறகு பதினைந்து வருசம் எங்கள் பட்டறை வேலையை வேறு பிட்டருக்கு அவர் விடவில்லை.

போனில் குரூப் வைக்கிற காலம் வந்ததும் இவரும் ஒன்று வைத்தார். 'இடையிசை' என்று பெயர். பாட்டில் பாடுகிறவர் வாயை மூடிக்கொள்ளும்போது வாத்தியங்கள் மட்டும் வருமே, அதுதான். அதைக் கேட்கிறவர்கள் மட்டும் இருந்தால் போதும் என்றார். அப்படியும் அறுபது பேர் சேர்ந்தார்கள். தறிக்காரர்கள், எடப்பாடிப் பக்கத்து விவசாயிகள், சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர், நாமக்கல் லாரிக்காரர் ஒருவர். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பேங்கில் வேலைபார்த்து ரிடையரானவர் ஒருவர். பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான் அப்போது.

என்ன போடுவார்கள் என்றால், பெரிய மேடையில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்து நம் சினிமாப் பாட்டை வாசிக்கிற வீடியோ. கறுப்புக் கோட்டுப் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் தாளை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். நம் ஆட்கள் மதராஸிலும் கோயமுத்தூரிலும் வாசிப்பதும் வரும். ஒன்றைப் போட்டால் ரெண்டு நாளைக்குப் பேச்சு ஓடும். காலை வணக்கப் பூ கூடாது, சாமி படம் கூடாது. கை தட்டுகிற பொம்மையைப் போட்டால் கூடவே எந்த இடம் என்று எழுத வேண்டும். இதுதான் சட்டம்.

பேங்க்காரருக்கு இந்தச் சட்டம் ஆகவில்லை. "பாட்டுக் கேக்க வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா?" என்று எழுதினார்.

"பரீட்சைன்னா பாஸ் பெயில் உண்டுங்க. இங்க கேட்டீங்களா இல்லையாங்கறது மட்டுந்தான்" என்று இவர் பதில் எழுதினார்.

ஒரு தடவை பேங்க்காரர் ஒரு கச்சேரி வீடியோவைப் போட்டு, ரெக்கார்டில் இருப்பது போலவே அட்சரம் பிசகாமல் வாசித்திருக்கிறார்கள் என்று புகழ்ந்து தள்ளிவிட்டார். இவர் பத்து நிமிசத்தில் எழுதினார்: "ரெக்கார்டையே மேல ஒட்டி விட்டிருக்காங்க. ஒரு நிமிசம் நாற்பதில் பாருங்க. வயலின்காரங்க வில்லை நிறுத்தின பொறவும் வயலின் கேக்குது." எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். உண்மைதான். லாரிக்காரர், "பேங்குல கள்ளநோட்டுக் கண்டுபிடிக்கறவரு பாட்டுல ஏமாந்துட்டாரே பங்காளி" என்று குரலில் அனுப்பிச் சிரித்தார். பேங்க்காரர் ஒரு மாசம் குரூப்பில் தலை காட்டவில்லை. அந்த ஆத்திரம் அவருக்கு உள்ளேயே இருந்தது.

நான் எழுத மாட்டேன், குரலில்தான் அனுப்புவேன். இவர் என் குரலைக் கேட்டு எழுத்தில் பதில் போடுவார். 'அக்கா சொன்ன இடம் இரண்டு நிமிசம் முப்பதில் வருகிறது. செல்லோ அங்கேதான் தனியாக இறங்குகிறது. எல்லோரும் கேளுங்கள்' என்று. செல்லோ என்பது வயலின் மாதிரியே இருக்கும். ஆள் உட்கார்ந்தால் நெஞ்சு உயரம் வரும், அடிவயிற்றிலிருந்து பேசும். படித்தவர்கள் அறுபது பேர் இருக்கிற இடத்தில் என் பேச்சை முன்னால் எடுத்து வைக்கிறாரே என்று எனக்குள் ஒரு நிமிர்வு. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

அந்த நிமிர்வுதான் பின்னால் என்னை உறுத்தியது. ஒரு தைப்பொங்கலுக்குப் பிறகு என் குரலுக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு எல்லாம் பதில் போடுகிறார். பேங்க்காரரோடு மல்லுக்கட்டுகிறார். நான் ஒரு இடம் சொன்னால் காற்றில் போகிறது. மூன்று தடவை, நான்கு தடவை பார்த்தேன். எழுதத் தெரியாதவள் பேச்சுக்கு இனி மரியாதை இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நானும் அனுப்புவதை நிறுத்தினேன். கேட்டுப் பெறுகிற மரியாதை எனக்கு எதற்கு.

பட்டறைக்கு வந்தால் வழக்கம்போலத்தான் இருந்தார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. வாசற்படியில் நிற்பதில்லை. நேராக உள்ளே வந்து ஒவ்வொரு தறியின் சட்டத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். புதுசாக ஏதோ பழகிக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் என்ன ஏது என்று கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். இவர் ஒரு வீடியோ போட்டார். ஏதோ வெளியூரில் நடந்த பெரிய கச்சேரி. கூடவே நீளமாக எழுத்து. மருமகளைப் படிக்கச் சொன்னேன். முதல் இடையிசையில் செல்லோக்காரர்கள் நான்கு பேரும் தரையோடு தரையாக வருகிறார்கள், அதன் மேல் வயலின் கூட்டம் படிப்படியாக ஏறுகிறது, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற குழல்காரர் அவசரப்படாமல் காத்திருந்து சேருகிறார் என்று இடம் இடமாக எழுதியிருந்தார். அதன் கீழே கைதட்டல் வரிசை கட்டி நின்றது. ஒருவர் கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினார். பேங்க்காரரே, 'இரண்டு நிமிடம் பத்தில் வரும் வயலின், மெய் சிலிர்த்தது' என்று போட்டுவிட்டார்.

நான் வீடியோவைத் திறந்தேன். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. என் போன்தான் கெட்டுவிட்டது என்று வேறு ஒரு பாட்டைப் போட்டேன், வந்தது. மருமகள் போனில் போட்டோம், அதிலும் படம்தான் ஓடியது. பாட்டுக்கு உரிமை உள்ளவர்கள் கேட்டுக்கொண்டால் நெட்டில் அந்த வீடியோவின் சத்தத்தை மட்டும் எடுத்துவிடுவார்களாம். இதை மருமகள்தான் சொன்னாள். "அத்தை, இதைப் போட்ட நாள்ல இருந்தே இதுல சத்தம் இல்லீங்க. கீழயே எழுதியிருக்குது பாருங்க" என்றாள்.

அப்படியானால் இவர் எதைக் கேட்டு எழுதினார்? அந்த நாற்பத்தொரு பேர் எதற்குக் கை தட்டினார்கள்? எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்றுதான்.

பொய் சொல்ல மாட்டேன். முதலில் எனக்கு ஒரு சந்தோசம்தான் வந்தது. என்னை அலட்சியம் பண்ணினவர் வசமாக மாட்டிக்கொண்டார். இதுல சத்தமே இல்லீங்களே, எந்த இடமுங்க என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். பேங்க்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்விக்கு இவரே பதில் சொல்லட்டும். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்திப் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குரலில் சொன்னால் அறுபது பேருக்கும் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. மாசக்கணக்காக என் குரலுக்குப் பதில் வராதது ஏன் என்பதும், தறிச் சட்டத்தில் கை வைத்துப் பார்த்தது ஏன் என்பதும் ஒன்றாக வந்து நின்றன.

போனை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். நாலு தெரு தள்ளித்தான்.

எங்களுக்குள் எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பட்டறைக்குள் நாங்கள் யாரும் குரலெடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. வாயசைவையும் கையையும் பார்த்தே முப்பது நாற்பது வருசம் பேசியிருக்கிறோம். ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினால் இழை அறுந்தது. உள்ளங்கையைத் தொங்கப்போட்டு ஆட்டினால் பாவு, அதாவது நெடுக்கே ஓடுகிற நூல், தளர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தருக்குக் காது போனால் பக்கத்துத் தறிக்காரனுக்குக்கூடத் தெரிய வராது.

அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "வாங்க அக்கா" என்றார், கொஞ்சம் உரக்க.

நான் எதிரில் உட்கார்ந்தேன். குரலே எடுக்காமல் வாயை மட்டும் அசைத்து, "சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"ஆச்சுங்க. நீங்க?" என்றார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் வீட்டம்மா என்னைப் பார்த்தாள். வந்து கீழே உட்கார்ந்தாள். "எட்டு மாசமா இதுதானுங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு என்ற வாயைக் கட்டிப் போட்டிருக்காரு" என்றாள்.

அவருக்கு எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் போனை வாங்கி வீடியோவை ஓடவிட்டு, விரலை உதட்டில் வைத்துக் காட்டி, கையை விரித்தேன். இதில் சத்தம் இல்லை.

"மொதல்லயே இல்லீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். "வில்லு போறதைப் பாத்தா எனக்கு உள்ள பாட்டு ஓடுதுங்க அக்கா. இந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருக்கறேன். எங்க செல்லோ வரும், எங்க குழல் வரும்னு தெரியும். கண்ணால பாத்து எழுதிப்போடுவேன். இத்தனை நாள் ஒண்ணும் தப்பு வரலீங்க" என்றார்.

"காதுக்கு மிஷின் வெச்சுப் பாக்கலீங்களா?" என்றேன் வாயசைவில்.

"வெச்சேன். பேச்சு கேக்குது. பாட்டு தகரத்தைத் தரையில இழுக்கற மாதிரி வருது. அதைப் பாட்டுன்னு நெனைக்கறதுக்குக் கேக்காமயே இருந்துக்கலாம்னு கழட்டிட்டனுங்க."

வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழிச்சுடச் சொல்லுங்க அக்கா. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். அவிய மட்டும் கேட்டுட்டா கை தட்டுனாங்க?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நானும் அதையேதான் கையால் காட்டினேன். அழித்துவிடுங்கள், நம்மைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவர் கேட்டார், "எத்தனை பேரு தட்டியிருக்காங்க?"

நாலு விரலைக் காட்டி, பிறகு ஒன்றைக் காட்டினேன்.

"கேக்காம எழுதுனவன் ஒருத்தன், கேக்காம தட்டுனவங்க நாப்பத்தொண்ணு" என்றார். பிறகு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. அவர் எழுதியது இதுதான், அன்றைக்கே படிக்கச் சொல்லிக் கேட்டேன்: 'நான் போட்ட வீடியோவில் சத்தம் இல்லை. அது எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக எனக்குக் காது கேட்பதில்லை. இந்த எட்டு மாதமும் நான் எழுதியது எல்லாம் கேட்டு எழுதியது அல்ல. இனி யாரும் என் பேச்சை வைத்து எதையும் நல்லது கெட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.'

நாற்பத்தொரு பேரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் அவர்களுக்கு அதிகமாகச் சுட்டிருக்கும். மூன்று நாள் குரூப்பில் ஒரு சத்தம் இல்லை. நாலாம் நாள் லாரிக்காரர் எனக்குப் போன் பண்ணினார். "அக்கா, நான் ஸ்டியரிங்ல இருந்தேன். பிட்டர் போட்டா நல்லாத்தான் இருக்கும்னு பாக்காமயே தட்டிட்டேன். மூஞ்சியைக் காட்ட முடியல" என்றார். அதை என்னிடம் சொல்லி என்ன, அவருக்கு எழுதுங்கள் என்றேன். எழுதினார். இன்னும் சிலரும் எழுதினார்கள். பேங்க்காரர் மட்டும் தன் போனில் சத்தம் வந்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பே கோயமுத்தூரில் ஒரு பெரிய கச்சேரிக்கு வேன் பேசி வைத்திருந்தோம். சேலத்துப் பாய்தான் சீட்டு வாங்கியிருந்தார். பதினான்கு பேர். கச்சேரி முடிந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுதுவது பிட்டரின் வேலை என்று முன்பே முடிவாகியிருந்தது. இவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். "கேக்காதவனுக்கு எதுக்குங்க சீட்டு. கேக்கற ஆளு உக்காரட்டும்."

நான் போய் அவர் எதிரில் நின்றேன். "என்ற காது நல்லாத்தான் இருக்குது. நான் கேட்டுச் சொல்றேன். நீங்க எழுதுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"என்னால முடியாதுன்னு நெனைக்கறீங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"அப்பக் கெளம்புங்க." அவ்வளவுதான் பேச்சு. நான் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்குகிற பழக்கம் இல்லாதவள் என்று அவருக்குத் தெரியும்.

பவானி, பெருந்துறை, அவினாசி என்று வேன் போன வழியெல்லாம் பேங்க்காரர் சன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அரங்கத்தில் எனக்கு இடது பக்கம் பிட்டர், அவருக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர். மேடையில் எண்பது பேர் இருப்பார்கள். முதல் பாட்டில் நான் கையால் சொல்லத் தொடங்கினேன். ரெண்டாவது இடையிசையில் தாளத்தை இழுத்துவிட்டார்கள். உள்ளங்கையைத் தொங்கப்போட்டு ஆட்டினேன். பாவு தளர்வு. அவர் தலையாட்டினார். ரெண்டாம் பாட்டில் குழல் ஒரு இடத்தில் விட்டுப்போனது. ரெண்டு விரலால் கத்தரித்தேன். அவர் உடனே மேடையில் குழல்காரரின் முகத்தைப் பார்த்தார். அந்த ஆள் தன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின் வரிசையிலிருந்து ஒருவர், "ஏனுங்கம்மா, கையைக் கொஞ்சம் கீழ போடுங்க. மேடை மறைக்குது" என்றார்.

"இவருக்குச் சொல்லிட்டிருக்கறேனுங்க" என்றேன்.

"என்ன சொல்றீங்க?"

"இழை அறுந்துபோச்சுன்னு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்றாவது பாட்டு ஒரு குறையில்லாமல் போனது. நாலாவதற்கு முன் மேடையில் சில பேர் வாத்தியத்தை மாற்றி எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் இவர், "இதை வாசிக்க மாட்டாங்கன்னு நெனச்சனே" என்றார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியாது. நாலைந்து வரிசைக்குத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு தொடங்கியது. இவர் வலது கை விரலால் முழங்காலில் தாளம் போட்டார். தனக்குள் ஓடுகிற பாட்டுக்குத்தான் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் அந்த விரல் ஒரு இடத்தில் நின்றது. மேடையில் வில்கள் அதற்குள் எழும்பிவிட்டன. அவர் புருவத்தைச் சுருக்கினார். வில்களையே பார்த்தார். பிறகு விரலை விரசலாக, வேகவேகமாக ஓட்டி அவர்களைப் பிடித்தார். பிடித்ததும் தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே கடைசிவரை போனார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டியபோதுதான் பாட்டு முடிந்ததே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்தார். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நூல் மூட்டை மேல் உட்கார்ந்து போனை எடுத்து, முதல் பாட்டு, ரெண்டாம் பாட்டு என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு எழுதினார். தான் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்வார். நான் கேட்டதோடு ஒத்துப்போனால் மட்டும் எழுதுவார். நாலாவதுக்கு வந்தார்.

நல்லா இருந்தது என்று கையால் காட்டினேன்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேர் அந்தப் பார்வையில் நெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருசத்தில் என் மேல் அது விழுந்ததில்லை. மற்றவர்களிடம் சொல்லி நழுவுகிற மாதிரி இவரிடமும் ஒன்றைச் சொல்லிவிடலாம். வயலின் என்று சொன்னால் பொருந்திப் போகும். நேற்றுவரை அடுத்தவர் பொய்யை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கேக்கலீங்க தம்பி. உங்களைப் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

"முழுப்பாட்டுமா?"

"முழுப்பாட்டும்."

"வெரசலா எடுத்தாங்களான்னு மட்டும் சொல்லுங்க."

"தெரியலீங்க."

அவருக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. தன் கண் சரியா, தனக்குள் ஓடுகிற பாட்டு சரியா என்று. அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான், நான் கேட்காமல் விட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து தட்டினார். அனுப்பிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார்: 'நாலாவது பாட்டு. அக்கா கேட்கவில்லை. எனக்குக் கேட்காது. அதனால் எழுதவில்லை. வேனில் வந்தவர்களில் கேட்டவர்கள் இருந்தால் எழுதவும்.'

பொழுது சாய்வதற்குள், இவர் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன்பே, ஐந்து பேர் எழுதிவிட்டார்கள். ஒருவரும் கை தட்டுகிற பொம்மை போடவில்லை. பாய் எழுதினார், லாரிக்காரர் எழுதினார். கடைசியாக பேங்க்காரர் எழுதியதை இவர் ரெண்டு தடவை படித்தார், பிறகு தறிச் சத்தத்துக்கு நடுவில் எனக்கும் வாயசைத்துப் படித்துக் காட்டினார்: 'ரெக்கார்டை விட வேகமாக எடுத்தார்கள். முதல் இடையிசையில் வயலின்கள் எழும்பிய இடத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த வீடியோவில் எனக்கும் சத்தம் வரவில்லை.'

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து, ஆறாவது தறியின் சட்டத்தில் கையை வைத்தார்.

"பேங்க்காரருக்குக் காது இருக்குதுங்க அக்கா" என்றார்.